பழைய மினி லாரிக்கு வீட்டு வாசலிலேயே கிளட்ச் சிலிண்டர்கள் மாற்றியது

குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்த நேரம். 60 மூட்டை நெல்லோடு நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்கிறேன். அந்த கேட்டில் நின்று பழகியவர்கள் எல்லோரும் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி டீ குடிக்கப் போய்விடுவார்கள், நானும் அப்படித்தான் செய்வேன், ஆனால் அன்றைக்கு ரயில் கடந்துவிட்டது, கேட்டைத் தூக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததால் முதல் கியரைப் போட்டு கிளட்சை மிதித்தபடி தயாராக இருந்தேன். பெடலை முழுக்கத் தரையோடு அழுத்தியிருக்கிறேன், வண்டி தானாக மெல்ல முன்னால் நகர்கிறது. முன்னால் ஒரு டவுன் பஸ், அதன் பின் கண்ணாடிக்கும் எனக்கும் ஒரு ஆள் நிற்கும் இடம்கூட இல்லை. பிரேக்கை மிதித்தேன், இன்ஜின் உதறி அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்து பெடலை மிதித்தால் கால் சும்மா தரைக்குப் போகிறது, கீழே எதிர்ப்பே இல்லை.

பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கிளட்ச் இல்லாமல் வண்டியை நகர்த்த ஒரு வழி உண்டு, அப்பா காலத்திலிருந்து தெரிந்தது. இன்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டு, அப்படியே ஸ்டார்ட்டரைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை இழுத்துக்கொண்டு கிளம்பும், இன்ஜினும் பிடித்துக்கொள்ளும். ஓட ஆரம்பித்த பிறகு ஆக்சிலரேட்டரை விட்டு, சுற்று குறையும் அந்த ஒரு நொடியில் கியரை மெல்லத் தள்ளினால் சத்தமில்லாமல் அடுத்த கியர் விழும். பேட்டரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் இது நல்லதல்ல, அடிக்கடி செய்யக் கூடாது, முன்னால் ஆள் நடமாட்டம் இருந்தால் செய்யவே கூடாது. அன்றைக்கு அதைத்தான் செய்து கேட்டைத் தாண்டி ஓரம் கட்டினேன். நெல்லை வேறு வண்டியில் மாற்றி ஏற்றி அனுப்பிவிட்டு, ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்புக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் காலி வண்டியை இரண்டாவது கியரிலேயே கொண்டுவந்து சேர்த்தேன்.

வண்டி 2004 மாடல், அப்பா வாங்கியது. அன்று சாயங்காலம் வாசலில் வந்து நின்று பார்த்த எல்லோரும் சொன்னது ஒன்றேதான்: கிளட்ச் பிளேட் போய்விட்டது, கியர் பாக்ஸை இறக்கிப் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றிவிடு. பட்டறையில் கேட்டபோதும் அதையே சொன்னார்கள், அறுப்பு நேரம் என்பதால் வண்டியை நாலு நாள் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஏனென்றால் பிளேட் தேய்ந்த வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியும். இன்ஜினின் சுற்றைப் பிடித்து கியர் பாக்ஸுக்குக் கொடுப்பது பிளேட்தான், பெடலை மிதித்தால் அது பிரியும். பிளேட் தேய்ந்தால் பிடிக்காது, பாலத்து ஏற்றத்தில் இன்ஜின் கத்தும், வண்டி ஏறாது, கருகிய வாடை வரும். என் வண்டியில் நடந்தது அதற்கு நேர் எதிர். பிடித்தது விடவில்லை. மிதித்தாலும் பிளேட் பிரியாமல் இருக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, காலில் இருக்கும் பலம் பிளேட் வரைக்கும் போய்ச் சேருகிறதா என்பதைத்தான்.

இந்த வண்டியில் அந்தப் பலத்தைக் கொண்டுபோவது கம்பியோ கேபிளோ இல்லை, ஆயில், பிரேக்குக்கு ஊற்றும் அதே பிரேக் ஆயில். பெடலுக்கு முன்னால் மாஸ்டர் சிலிண்டர், நாங்கள் மேல் சிலிண்டர் என்று சொல்லுவோம், அதன் தலையில் சின்ன ஆயில் டப்பா. அங்கிருந்து ஒரு இரும்புப் பைப், சேஸிஸ் ஓரமாக வந்து ஒரு ரப்பர் ஹோஸில் முடியும். ஹோஸ் போய்ச் சேரும் இடம் கியர் பாக்ஸின் முன்பக்கக் கூடான பெல் ஹவுசிங் மேல் இருக்கிற ஸ்லேவ் சிலிண்டர், அதுதான் கீழ் சிலிண்டர். மேலே மிதித்தால் கீழே இருக்கும் தண்டு வெளியே தள்ளி, பிளேட்டைப் பிரிக்கும் கிளட்ச் ஃபோர்க்கை நகர்த்தும். ஆயில் அமுங்காது, அதனால் மிதித்த அளவுக்குத் தண்டு நகரும். நடுவில் காற்று புகுந்தால் காற்று அமுங்கிக்கொள்ளும், தண்டு நகராது.

ஒரு சோதனை போதும். பெடலை வேகமாக மூன்று நான்கு தடவை அடித்துப் பார்த்தேன், நாலாவது மிதியில் கொஞ்சம் கெட்டியானது, கியரும் விழுந்தது. மிதித்தபடியே வைத்திருந்தால் கால் மெல்ல மெல்ல இறங்கியது. வரப்பில் நண்டு வளை இருந்தால் மடையை எவ்வளவு திறந்தாலும் வயலில் தண்ணீர் நிற்காது இல்லையா, அதே கதை. அழுத்தம் எங்கேயோ கசிகிறது. பிளேட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

எங்கே கசிகிறது என்று தேடினால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுகூட இல்லை, ஆனால் டப்பாவில் ஆயில் அடியில்தான் கிடந்தது. கடைசியில் டிரைவர் சீட்டுக்கு முன்னால் தரையில் விரித்திருக்கும் மேட்டைத் தூக்கினேன். மேட் ஈரம். நாலைந்து நாளாகவே அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், மழைத் தண்ணீர் ஒழுகுகிறது என்று நினைத்துவிட்டேன். விரலால் தொட்டால் வழவழப்பு. பெடல் மாட்டியிருக்கும் தகட்டில் பெயின்ட் கொப்புளித்து உரிந்திருந்தது. பிரேக் ஆயில் பட்ட இடத்தில்தான் பெயின்ட் அப்படி வரும். மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க ரப்பர் போய், தண்டு வழியாகக் கேபினுக்குள்ளேயே வடிந்திருக்கிறது. கிளட்ச் கனமாகவோ லேசாகவோ ஆகி, டப்பாவில் ஆயிலும் குறைந்தால் முதலில் மேட்டைத் தூக்கிப் பாருங்கள், அப்புறம் கீழே படுத்து ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் அமுக்கிப் பாருங்கள். உறைக்குள் ஈரம் இருந்தால் அதுவும் போய்விட்டது என்று அர்த்தம்.

என் முதல் தவறு இங்கே. உறையை அமுக்கிப் பார்த்தேன், உள்ளே கொஞ்சம் பிசுபிசுப்பு இருந்தது, வைக்கோல் தூசியும் சேர்ந்து களிம்பு மாதிரி இருந்தது, ஆனால் கசிகிறது என்று சொல்ல முடியாது என்று விட்டுவிட்டேன். மாஸ்டருக்கு மட்டும் ரப்பர் கிட், அதாவது சிலிண்டரை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் ரப்பர்களை மட்டும் மாற்றும் செட், வாங்கிப் போட்டேன்.

சிலிண்டரைக் கழற்றி, வாயில் இருக்கும் சர்க்ளிப் வளையத்தை எடுத்ததும் பிஸ்டனும் ஸ்பிரிங்கும் வெளியே வந்தன. ஆயில் கறுத்துக் கசடாக இருந்தது. உள்சுவரில், அடிப்பக்கத்தில், பழுப்பாக இரண்டு மூன்று புள்ளிகள். நகத்தால் தடவினால் நகம் தட்டியது. 600 நம்பர் வாட்டர் பேப்பரில் பிரேக் ஆயிலைத் தொட்டுத் தேய்த்தேன், பழுப்பு போனது, குழி போகவில்லை. அதன் மேல் புது ரப்பரைப் போட்டு மூடிவிட்டேன். பெடல் நன்றாகவே வந்தது. சரியாக மூன்று வாரம் ஓடியது. அப்புறம் மறுபடி மேட் ஈரம், இந்தத் தடவை கீழ் சிலிண்டரின் உறையிலிருந்தும் சொட்டியது.

இந்தக் குழி எப்படி வருகிறது என்பது நம் பக்கத்துக்காரர்களுக்கு முக்கியம். டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரக் கணக்கு, ஈரம் ஏறிய பிறகு அது 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு 230, 155. கிளட்சில் அந்த அளவு சூடு வராது, அதனால் கொதிப்பதைப் பற்றி இங்கே கவலையில்லை, ஆனால் அந்த ஈரம் சிலிண்டரின் அடியில் தங்கி இரும்பை அரிக்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் வண்டி வேலையில்லாமல் வாரக்கணக்கில் நிற்கும், பிஸ்டன் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும், அது நின்ற இடத்துக்குப் பக்கத்தில்தான் அரிப்பு. எங்கள் வண்டியில் கிளட்ச் ஆயிலை யாராவது எப்போதாவது முழுக்க மாற்றியிருக்கிறார்களா என்று அப்பாவிடம் கேட்டேன். "குறைஞ்சா ஊத்துவோம், மாத்துனதில்லப்பா" என்றார். வருஷக்கணக்கில் ஈரம் ஏறிய அதே ஆயில்.

புது ரப்பர் போட்ட மூன்று வாரத்தில் கீழ் சிலிண்டர் ஏன் போனது என்பதையும் யோசித்தேன். மேல் சிலிண்டர் கசிந்துகொண்டிருந்தபோது கீழே தண்டு பாதி தூரம்தான் நகர்ந்துகொண்டிருந்தது. மேலே சரியானதும் முழு அழுத்தமும் முழு நீளமும் கிடைத்தது, பழைய ரப்பர் இதுவரை போகாத, துருப்பிடித்த இடத்தின் மேல் போய் உரசிக் கிழிந்தது. அதனால் என் கருத்து இதுதான்: பழைய வண்டியில் மேல் சிலிண்டர், கீழ் சிலிண்டர், ஹோஸ் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள், கிட் போடாதீர்கள், முழு சிலிண்டராகவே போடுங்கள். உள்சுவர் கண்ணாடி மாதிரி இருந்தால் மட்டும் கிட் போதும். ஹோஸை ஏன் சேர்க்கச் சொல்கிறேன் என்றால், வெளியே நன்றாக இருப்பது போல் தெரியும் பழைய ஹோஸ் உள்ளே ஊதி அடைத்துக்கொள்ளும், மிதிக்கும்போது ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பி வரத் தாமதமாகும், பிளேட் வழுக்கித் தேயும்.

கும்பகோணத்தில் வாங்கினேன். பழைய சிலிண்டர் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு போனது நல்லதாகப் போயிற்று. கடைக்காரர் பார்க்க ஒரே மாதிரி இருந்த இரண்டு கீழ் சிலிண்டர்களை எடுத்து வைத்து, "உங்களுது எந்த சைஸுண்ணே?" என்று கேட்டார். உடம்பில் அச்சடித்திருந்ததைத் துடைத்துப் பார்த்தால் என்னுடையது 19 மி.மீ., மற்றது 22. போல்ட் ஓட்டைகள் இரண்டிலும் ஒன்றுதான், மாட்டினால் மாட்டிக்கொள்ளும். ஆனால் 22 மி.மீ. சிலிண்டரின் பரப்பு மூன்றில் ஒரு பங்கு அதிகம், மேலிருந்து வருவது அதே அளவு ஆயில், அதனால் தண்டு கால்வாசி தூரம் குறைவாகவே நகரும். பெடல் லேசாக இருக்கும், கிளட்ச் முழுக்கப் பிரியாது, நாம் காற்று இருக்கிறது என்று நினைத்து நாள் முழுக்கப் போராடுவோம். இரண்டு சிலிண்டர், ஹோஸ், செப்பு வாஷர், அரை லிட்டர் ஆயில் இரண்டு டின், எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்குள் முடிந்தது. ஆயிலைச் சின்ன டின்னாக வாங்குங்கள், திறந்து மூடி வைத்த டின்னில் அடுத்த மழைக்குள் ஈரம் ஏறிவிடும்.

வேலை ஞாயிற்றுக்கிழமை காலை. முதல் நாள் ராத்திரியே பைப் நட்டுகளில் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிட்டேன். வண்டி உயரமாக இருப்பதால் ஜாக்கி போடவில்லை, சமதளமான வாசலில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்தேன். அக்கா மகன் உதவிக்கு வந்திருந்தான், பத்தாவது படிக்கிறான்.

சிரமமெல்லாம் பைப் நட்டில்தான். சாதாரண ஓப்பன் ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் நட்டின் மூலைகள் வழுக்கி உருண்டையாகிவிடும், அப்புறம் பைப்பையே மாற்ற வேண்டும். ரிங் ஸ்பேனரில் ஒரு பக்கம் வெட்டு விட்ட மாதிரி இருக்கும் பைப் ஸ்பேனர் கிடைக்கும், அதைத்தான் போட வேண்டும். ஹோஸின் தலையை இன்னொரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் பைப் முறுக்கிக்கொள்ளும். அரை மணி நேரம் ஆனது, அவசரப்படவில்லை. இரும்புப் பைப்பை முழு நீளத்துக்கும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தேன், கிளிப் பிடிக்கும் இடங்களில் மேலாகத் துரு இருந்ததே தவிர ஆழமில்லை, அதனால் அதை மட்டும் விட்டுவிட்டு உள்ளே புது ஆயிலை ஊற்றி அலசினேன். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ டீசலோ வைத்துக் கழுவாதீர்கள், அது உள்ளே தங்கினால் இந்த ரப்பர்கள் ஊதிப் போகும். இன்ஜின் ஆயிலும் ஆகாது. ரப்பருக்குத் தடவ வேண்டுமானாலும் பிரேக் ஆயில்தான்.

மாஸ்டரை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் வைஸில் பிடித்து, டப்பாவில் ஆயில் ஊற்றி, வாயை விரலால் மூடித் திறந்து மூடித் திறந்து, ஸ்க்ரூ டிரைவரால் பிஸ்டனை மெதுவாகத் தள்ளிக் காற்றை வெளியேற்றிவிட்டேன். பத்து நிமிட வேலை, பின்னால் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். மேலே மாட்டி, ஹோஸ் மாட்டி, கீழே மாட்டி, எல்லா இடத்திலும் புதுச் செப்பு வாஷர் போட்டு முடிக்கும்போது பதினோரு மணி.

அப்புறம் ஏர் எடுக்க, அதாவது உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற, ஆரம்பித்தோம். கீழ் சிலிண்டரில் காற்றை வெளியே விடத் திறந்து மூடும் நிப்பிளில் ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாய், அதன் மறுமுனை கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முங்கியிருக்க வேண்டும். நான் கீழே, அவன் சீட்டில்.

"மிதிடா."

"மிதிச்சிட்டேன் மாமா."

"விட்டுடாத, அப்படியே பிடி." நிப்பிளைத் திறப்பேன், குமிழி வரும், மூடுவேன். "ம், இப்ப விடு."

மூடுவதற்கு முன் கால் எழும்பினால் வெளிக்காற்றை அதுவே இழுத்துக்கொள்ளும், அதனால் அந்தப் பேச்சு முக்கியம். நாலு மிதிக்கு ஒரு தடவை டப்பாவில் ஆயில் ஊற்ற வேண்டும், டப்பா காலியானால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு டின் முழுக்கத் தீர்ந்தது. பெடல் வரவே இல்லை. பஞ்சு மாதிரி இறங்கியது, கீழே தண்டை ஸ்கேல் வைத்து அளந்தால் 6 மி.மீ. தான் நகர்கிறது. குழாயில் குமிழியும் வரவில்லை, சுத்தமான ஆயில்தான் வருகிறது. வாங்கின சிலிண்டரே சரியில்லையோ என்று நினைத்தேன். அவன்தான் கீழே வந்து குனிந்து பார்த்து, "மாமா, காத்து மேலதானே போவும், இந்த நிப்பிள் ஏன் அடியில இருக்கு?" என்றான்.

அவ்வளவுதான் விஷயம். புது கீழ் சிலிண்டரில் மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை, இரண்டுக்கும் ஒரே மரை. நிப்பிளைக் கடையிலிருந்து வந்தபடியே விட்டுவிட்டு மீதித் துளையில் ஹோஸை மாட்டிவிட்டேன், வண்டியில் ஏற்றிய பிறகு நிப்பிள் அடிப்பக்கம் வந்துவிட்டது. ஆயில் மேல் துளையில் வந்து கீழ்த் துளையில் போகிறது, சிலிண்டரின் உச்சியில் நிற்கும் காற்று நின்ற இடத்திலேயே நிற்கிறது. எத்தனை லிட்டர் ஊற்றினாலும் அது வராது. இரண்டையும் இடம் மாற்றினேன். நிப்பிள் எப்போதும் உச்சியில் இருக்க வேண்டும், ஹோஸ் அடியில்.

இந்தத் தடவை முறையையும் மாற்றினேன். தண்டை உள்ளே முழுக்கத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒரு பெரிய ஊசி சிரிஞ்சில் ஆயில் ஏற்றி, குழாய் வழியாகக் கீழ் சிலிண்டரின் நிப்பிளிலிருந்து மேலே டப்பாவை நோக்கி மெதுவாகத் தள்ளினேன். காற்று தானாகவே மேலே போக விரும்பும், நாம் அதே பக்கம் தள்ளினால் வேலை சுலபம். மேலே டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தவன் "குமிழி வருது மாமா, நிறைய வருது" என்று கத்தினான். டப்பா நிரம்பி வழிந்துவிடாமல் அவ்வப்போது உறிஞ்சி எடுக்க வேண்டும். மூன்று சிரிஞ்சுக்குப் பிறகு குமிழி நின்றது. கடைசியாக வழக்கம் போல ஐந்தாறு தடவை மிதித்து எடுத்தோம். தண்டு இப்போது 15 மி.மீ. நகர்ந்தது.

வழிந்த ஆயிலை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். இது தண்ணீரில் கரையும், அதனால் துணியால் துடைப்பதைவிட அது நல்லது, பெயின்ட் தப்பிக்கும். கண்ணில் பட்டாலும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். படுத்து வேலை செய்யும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஒரு சொட்டு நெற்றியில் விழுந்தது, இரண்டு விரல் தள்ளியிருந்தால் கண்.

பெடல் வந்துவிட்டது என்று எழுந்துவிடக் கூடாது, பெடல் தண்டுக்கும் மாஸ்டர் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் போல இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலை எடுத்த பிறகு பிஸ்டன் முழுக்கப் பின்னால் வந்தால்தான் உள்ளே இருக்கும் சின்னத் துவாரம் திறந்து, ஆயில் டப்பாவுக்குத் திரும்பும். இடைவெளியே இல்லாவிட்டால் அழுத்தம் உள்ளேயே நின்று, வண்டி சூடாகச் சூடாக கிளட்ச் பாதி மிதித்த நிலையிலேயே ஓடும், ஒரு சீசனில் பிளேட் போய்விடும். புது மாஸ்டரில் தண்டு கொஞ்சம் நீளமாகத்தான் வந்திருந்தது. லாக் நட்டைத் தளர்த்தி இரண்டு சுற்று உள்ளே விட்டேன், பெடலைக் கையால் அமுக்கினால் முதலில் கொஞ்சம் சும்மா ஆடி, அப்புறம் கனம் தெரிகிறது. அதுதான் வேண்டும்.

இன்ஜினை ஓடவிட்டு, பெடலை முழுக்க மிதித்து, நாலைந்து நொடி பொறுத்து ரிவர்ஸ் போட்டேன். கிளட்ச் சரியாகப் பிரியவில்லை என்றால் ரிவர்ஸ்தான் முதலில் கடகடவென்று காட்டிக்கொடுக்கும். சத்தமில்லாமல் விழுந்தது. முதல் கியரில் மிதித்தபடி இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தேன், வண்டி ஒரு அங்குலம் நகரவில்லை, காலும் இறங்கவில்லை. கியர் பாக்ஸை இறக்கவே இல்லை.

அக்கா மகன் டப்பாவின் மேல் ஆயில் நிற்கும் மட்டத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுத் தேதியும் எழுதி வைத்தான். தாளடிக்கு விதை நெல், உரம், அப்புறம் இரண்டு நடை வைக்கோல், எல்லாம் ஏற்றி ஓட்டியாகிவிட்டது. இன்று காலையில் மேட்டைத் தூக்கித் தடவிப் பார்த்தேன், காய்ந்திருக்கிறது. ஆயிலும் அந்தக் கோட்டிலேயே நிற்கிறது.